பழைய சாஃப்ட்வேர், புதிய விண்டோஸ்: டெல்டாவின் கடைகளுக்கும் மில்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதற்கு முன்னும் பின்னுமாக கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் பல கடைகளில் பழைய கம்ப்யூட்டர் போய் விண்டோஸ் 11 வந்திருக்கிறது. மெஷின் வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் உரக்கடையில் பில் போடும் ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராம் திறக்க மாட்டேன் என்கிறது. அரிசி மில்லில் எடைமேடை சாஃப்ட்வேர் லாரியின் எடையைக் காட்டவில்லை. அச்சகத்தில் பழைய கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஏதேதோ குறிகள் வருகின்றன. ஜாதகம் கணிக்கும் சாஃப்ட்வேர் ஒரு எர்ரர் நம்பரைக் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது.

“புதுசா வாங்கிடுங்க” என்று சொல்வது சுலபம். குறுவைக்கு வாங்கிய உரத்தின் பாக்கியை சம்பா அறுவடை முடிந்து தீர்க்கும் ஊர் இது. யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு முழுக்க அந்தப் பழைய புரோகிராமுக்குள் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், அல்லது ஊரிலேயே இருக்க மாட்டார். ஆகவே ஓட வைக்க முடியுமா என்று ஒழுங்காகப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே சரி.

பெரும்பாலான பழைய சாஃப்ட்வேர்கள் கெட்டுப்போவதில்லை. அவை எதிர்பார்க்கும் ஏதோ ஒன்று புதிய விண்டோஸில் இருக்காது, அல்லது வேறு இடத்தில் இருக்கும். அது எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கண்டுபிடிக்காமல் கைக்கு வந்த செட்டிங்கையெல்லாம் மாற்றிப் பார்த்தால் சாஃப்ட்வேரும் ஓடாது, சில சமயம் டேட்டாவும் போய்விடும். கீழே உள்ள வரிசைக்கு அதுதான் காரணம். தயவுசெய்து முதல் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

முதல் படி: பழைய மெஷினைத் தொடாதீர்கள், காப்பி எடுங்கள்

பழைய கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்யவோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ வேண்டாம். புதியதில் எல்லாம் ஓடி, ஒரு மாதக் கணக்கும் சரியாக வந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

காப்பி எடுக்கும்போது டேட்டா ஃபைலை மட்டும் எடுத்தால் போதாது. சாஃப்ட்வேர் இருக்கும் ஃபோல்டரை முழுசாக எடுங்கள். ஃபாக்ஸ்ப்ரோவாக இருந்தால் டிபிஎஃப் ஃபைல்களோடு அதே பெயரில் இன்டெக்ஸ், மெமோ ஃபைல்கள் இருக்கும். மெமோ ஃபைல் விட்டுப்போனால் டிபிஎஃப் திறக்காது. ஆக்ஸஸ் டேட்டாபேஸ் என்றால் எம்டிபி ஃபைல். அதோடு விண்டோஸில் உள்ள ஃபாண்ட்ஸ் ஃபோல்டர், இன்ஸ்டால் செய்த சிடி, லைசன்ஸ் எண் எழுதிய அட்டை, கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகியிருக்கும் டாங்கிள் (சாஃப்ட்வேருக்குச் சாவி மாதிரியான சின்னக் கருவி), எல்லாம் வேண்டும். ஒரு காப்பி எக்ஸ்டர்னல் டிஸ்கில், இன்னொன்று வேறு இடத்தில். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததற்கு அப்புறம், ஒரே அறையில் இரண்டு காப்பி வைப்பது காப்பியே இல்லை என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பழையது விண்டோஸ் 7 மெஷினாக இருந்து இன்னும் ஓடுகிறது என்றால் இன்னொன்றும் செய்யலாம். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ‘டிஸ்க்2விஎச்டி’ என்ற சின்ன இலவசக் கருவி உண்டு. அது மொத்த ஹார்ட் டிஸ்கையும் ஒரே ஃபைலாக எடுத்துக்கொடுக்கும். விஎச்டிஎக்ஸ் என்ற டிக்கை எடுத்துவிட்டு, விஎச்டி வடிவில் சேமியுங்கள். கடைசிப் படிக்கு அதுதான் தோதானது. பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போது மட்டுமே இது நடக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூடிவைத்த மெஷின் தை மாதம் திறக்கும்போது ஆன் ஆகும் என்று நம்ப வேண்டாம்.

மெஷின் ஏற்கெனவே படுத்துவிட்டதா? பதற வேண்டாம். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டர் வழியாகப் புதியதில் மாட்டினால் பெரும்பாலும் ஃபைல்கள் அப்படியே கிடைக்கும். மிகப் பழைய டிஸ்க் என்றால் ஐடிஇ வகை அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாம் படி: உங்கள் சாஃப்ட்வேர் எந்தத் தலைமுறை?

16, 32, 64 பிட் என்பவை சாஃப்ட்வேரின் தலைமுறைகள், எண் கூடக்கூடப் புதியது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் மட்டும்தான். 64 பிட் விண்டோஸ், 32 பிட் சாஃப்ட்வேரை ஓட்டும். 16 பிட் சாஃப்ட்வேரை ஓட்டவே ஓட்டாது, அதற்கான பகுதியே அதில் இல்லை. விண்டோஸ் 10-இன் 32 பிட் பதிப்பில் அது இருந்தது. “நேத்து வரைக்கும் ஓடுச்சே தம்பி” என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான், ஆனால் அது அந்தப் பழைய 32 பிட் மெஷினில்.

கண்டுபிடிக்கும் வழி இது. பழைய மெஷினில் அந்த சாஃப்ட்வேரின் எக்ஸி ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். மேலே ப்ரோகிராம், ஃபாண்ட், மெமரி, ஸ்கிரீன் என்று டேப்கள் இருந்தால் அது டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய, எழுத்துத் திரை சிஸ்டம்) புரோகிராம். அப்படி இல்லாமல் விண்டோஸ் போலவே தோன்றினாலும் 16 பிட்டாக இருக்கலாம். எக்ஸ்பியில் அதை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரின் ப்ராசஸ் பட்டியலைப் பாருங்கள். என்டிவிடிஎம் என்ற பெயர் அங்கே வந்தால் 16 பிட். வரவில்லை என்றால் 32 பிட், உங்களுக்கு வேலை குறைவு.

பழைய மெஷின் இல்லாதவர்கள் புதியதில் டபுள் கிளிக் செய்து பார்க்கலாம். ‘இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது’ என்ற பொருளில் ஒரு பெட்டி வந்து, உள்ளேயே நுழையவில்லை என்றால் பெரும்பாலும் 16 பிட்தான். உள்ளே நுழைந்து அப்புறம் எர்ரர் காட்டினால் 32 பிட்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1990-களின் கடைசியில் வந்த சில சாஃப்ட்வேர்கள் 32 பிட்டாக இருக்கும், அவற்றின் செட்டப் மட்டும் 16 பிட்டாக இருக்கும். செட்டப் ஓடவில்லை என்பதற்காக நம்பிக்கை இழக்க வேண்டாம். பழைய மெஷினில் ஏற்கெனவே இன்ஸ்டால் ஆன ஃபோல்டரை அப்படியே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள்.

இன்னும் மூன்று விஷயங்களை இங்கேயே சரிபார்த்துவிடுங்கள். புதிய லேப்டாப் ‘எஸ் மோட்’ விண்டோஸோடு வந்திருந்தால் ஸ்டோரில் உள்ள ஆப்களைத் தவிர எதுவும் ஓடாது. எஸ் மோடை விட்டு இலவசமாக வெளியே வரலாம், மறுபடி உள்ளே போக முடியாது. அடுத்து, புதிதாக இன்ஸ்டால் செய்த விண்டோஸ் 11-இல் ‘ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல்’ ஆன் ஆகியிருந்தால் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத பழைய எக்ஸிகளைத் தடுக்கும். ஒரு புரோகிராமுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க அதில் வழி இல்லை, மொத்தமாக ஆஃப் செய்யத்தான் முடியும். மூன்றாவது ஆன்ட்டிவைரஸ். பழைய எக்ஸியைச் சத்தமில்லாமல் தூக்கி க்வாரன்டைனில் போட்டிருக்கலாம். அந்தப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி (டாஸ் என்றால்): வீடாஸ் அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ்

ஃபாக்ஸ்ப்ரோ, கிளிப்பர், டிபேஸ் இவற்றில் எழுதிய பில்லிங், ஸ்டாக், வட்டிக் கணக்குப் புரோகிராம்கள் இந்த வகை. இவற்றுக்கு உள்ளே ஒரு டாஸ் கம்ப்யூட்டரைப் பாவனை செய்யும் கருவி வேண்டும். எல்லாரும் சொல்வது டாஸ்பாக்ஸ். அது கேம் ஆடுபவர்களுக்காகச் செய்தது. பிரிண்டர், ஒரே ஃபைலை இரண்டு கம்ப்யூட்டரில் திறப்பது போன்ற கடை வேலைகளில் அதற்கு அக்கறை கிடையாது. கணக்கு வழக்குக்கு என்னுடைய தேர்வு வீடாஸ். எழுத்துத் திரையில் ஓடும் அலுவலக டாஸ் புரோகிராம்களுக்காகவே அது செய்யப்பட்டது. அதில் சரிவராதவற்றுக்கு டாஸ்பாக்ஸ்-எக்ஸ்.

புரோகிராமின் ஃபோல்டரை புதிய மெஷினில் டி டிரைவில் சின்னப் பெயரில் வையுங்கள். எட்டு எழுத்துக்குள், நடுவில் இடைவெளி இல்லாமல் ஆங்கிலப் பெயராக இருக்கட்டும், டாஸுக்கு அதற்கு மேல் தெரியாது. வீடாஸை இன்ஸ்டால் செய்ததும் அதன் ஃபோல்டரில் ஆட்டோஎக்ஸெக், கான்ஃபிக் என்று இரண்டு டெக்ஸ்ட் ஃபைல்கள் இருக்கும். முதலாவதில், எந்த ஃபோல்டரை சி டிரைவாகக் காட்ட வேண்டும், திறந்ததும் எந்தப் புரோகிராமை ஓட்ட வேண்டும் என்று எழுதுகிறோம். பழைய மெஷினில் புரோகிராம் சி டிரைவில் எந்தப் பெயருள்ள ஃபோல்டரில் இருந்ததோ அதே பெயர் இங்கேயும் தெரிய வேண்டும். எழுதியவர் பல இடங்களில் அந்தப் பாதையை நேராக உள்ளே எழுதி வைத்திருப்பார். புரோகிராம் திறந்து, “ஃபைல் இல்லை” என்று சொன்னால் பத்தில் ஒன்பது முறை காரணம் இதுதான்.

இனி பிரிண்டர். டாஸ் புரோகிராம் எல்பிடி1 என்ற பழைய பேரலல் போர்ட்டுக்குத்தான் பில்லை அனுப்பும். யுஎஸ்பியில் மாட்டிய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. வீடாஸ் அந்த எல்பிடி1-ஐப் பிடித்து விண்டோஸ் பிரிண்டருக்கு மாற்றிவிடும். கான்ஃபிக் ஃபைலில் அதற்கான வரி இருக்கிறது. லேசர் பிரிண்டர் என்றால் இத்துடன் வேலை முடிந்தது. டாட் மேட்ரிக்ஸில் பில் அகலமாக வந்தால், அல்லது எழுத்துகளுக்கு நடுவே விசித்திரமான குறி வந்தால், காரணம் புரோகிராம் அனுப்பும் எப்சன் கட்டளைகள். அவற்றை விண்டோஸ் டிரைவர் எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. அப்போது அந்தப் பிரிண்டரையே ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவரோடு இன்னொரு முறை சேர்த்து, அதற்கு அனுப்பிப் பாருங்கள். பில் புத்தகத்தின் நீளத்துக்கு ஏற்ற பேப்பர் அளவையும் பிரிண்டர் செட்டிங்கில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பில்லுக்கும் பேப்பர் கூடுதலாக ஓடும்.

‘டிவைட் பை ஸீரோ’, ‘ரன்டைம் எர்ரர் 200’ என்று வந்தால் புரோகிராமில் எதுவும் கெடவில்லை. இன்றைய ப்ராசஸர் அதற்கு மிக வேகம். தொடங்கும்போது கம்ப்யூட்டரின் வேகத்தை அளக்கும் டர்போ பாஸ்கல், கிளிப்பர் காலத்துக் குறியீடு வேகத்தைத் தாங்காமல் சுழியால் வகுத்துவிடுகிறது. டாஸ்பாக்ஸ்-எக்ஸில் சைக்கிள் எண்ணிக்கையை (பாவனை ப்ராசஸரின் வேகத்தை) குறைத்தால் சரியாகிவிடும்.

16 பிட்டாக இருந்தாலும் டாஸ் இல்லாமல் விண்டோஸ் 3.1 காலத்துப் புரோகிராம் என்றால் ‘வைன்விடிஎம்’ என்ற இலவசக் கருவியை முயன்று பாருங்கள். ஓடினால் நல்லது. இல்லையென்றால் நேராகக் கடைசிப் படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி (32 பிட் என்றால்): எர்ரரைப் படியுங்கள்

எர்ரர் பெட்டி வந்ததும் ஓகே கொடுத்து மூடிவிடாதீர்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது இல்லை என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

‘339’ என்ற எண்ணும், ஓசிஎக்ஸ் என்று முடியும் ஃபைல் பெயரும் வந்தால் அது விஷுவல் பேசிக் 6-இல் எழுதியது. ஜாதக சாஃப்ட்வேர்களிலும் நகைக்கடை, பாத்திரக்கடை பில்லிங்கிலும் இது அதிகம். விஷுவல் பேசிக்கின் அடிப்படை ஃபைல் விண்டோஸ் 11-இலும் உள்ளேயே வருகிறது, ஆனால் கூடுதல் ஓசிஎக்ஸ் ஃபைல்கள் வராது. பழைய மெஷினின் சிஸ்டம்32 ஃபோல்டரில் அந்த ஃபைல் இருக்கும். அதை எடுத்துப் புதிய மெஷினில் சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில் போட வேண்டும். பெயர் குழப்பும்: 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஃபைல்கள் இருக்குமிடம் சிஸ்வாவ்64, 64 பிட் ஃபைல்கள் இருக்குமிடம் சிஸ்டம்32. போட்ட பிறகு, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் அதே சிஸ்வாவ்64-இல் உள்ள ரெக்எஸ்விஆர்32 மூலம் பதிவு செய்ய வேண்டும். ‘429’ வந்தாலும் இதே குடும்பத்துப் பிரச்சினைதான், ஏதோ ஒரு பாகம் பதிவாகவில்லை.

எம்எஸ்விசிஆர் என்று தொடங்கும் டிஎல்எல் இல்லை என்று வந்தால் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் வேண்டும். கம்ப்யூட்டர் 64 பிட் என்பதால் 64 பிட் பதிப்பை மட்டும் போட்டுவிட்டு, “போட்டும் வரலையே” என்று சொல்பவர்கள் நிறைய. சாஃப்ட்வேர் 32 பிட் என்றால் அதற்கு எக்ஸ்86 (அதாவது 32 பிட்) பதிப்பே வேண்டும். டிஎல்எல் ஃபைல்களைத் தனித்தனியாகத் தரும் வெப்சைட் பக்கம் போகவே போகாதீர்கள். எந்தப் பதிப்பு என்றும் தெரியாது, உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியாது.

டாட்நெட் 3.5 கேட்டால் கன்ட்ரோல் பேனலில் ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் டிக் வைத்தால் போதும், இன்டர்நெட் வழியாக வந்துவிடும். 2.0, 3.0 இரண்டும் அதற்குள்ளேயே அடக்கம்.

டேட்டாபேஸ் கிடைக்கவில்லை, ஓடிபிசி என்று ஏதாவது சொன்னால் ஸ்டார்ட்டில் ‘ஓடிபிசி டேட்டா சோர்சஸ்’ என்று தேடுங்கள். 32 பிட், 64 பிட் என்று இரண்டு வரும். பழைய சாஃப்ட்வேருக்கான இணைப்பை 32 பிட்டில் உருவாக்க வேண்டும்.

‘13, டைப் மிஸ்மேட்ச்’ அல்லது தேதி குளறுபடி என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம், ரீஜன் செட்டிங்கைப் பாருங்கள். புதிய கம்ப்யூட்டர்கள் பல அமெரிக்க ஆங்கிலத்தில் வரும். அதில் மாதம் முதலில், நாள் அப்புறம். நீங்கள் 5-6 என்று போட்டால் ஜூன் 5 என்பது மே 6 ஆகிவிடும். 12-ஆம் தேதி வரை எர்ரரே காட்டாது, தவறான மாதத்தில் சத்தமில்லாமல் பதிவாகிக்கொண்டே போகும். 13-ஆம் தேதிதான் புரோகிராம் சண்டைக்கு வரும். பாக்கிக் கணக்கு உள்ள கடையில் இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று சொல்ல வேண்டியதில்லை. சாஃப்ட்வேரை முதல் முறை திறப்பதற்கு முன்பே ஆங்கிலம் (இந்தியா) என்று மாற்றி, பழைய மெஷினில் இருந்த அதே தேதி வடிவத்தை வைத்துவிடுங்கள்.

நேற்றுப் போட்ட பில் இன்று காணவில்லை

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் டேட்டா போய்விட்டது என்று கடைக்காரர்கள் கலங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

எக்ஸ்பி காலத்து சாஃப்ட்வேர்கள் தங்கள் டேட்டாவை ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். விஸ்டாவிலிருந்து அங்கே எழுத சாதாரண யூசருக்கு அனுமதி கிடையாது. பழைய சாஃப்ட்வேர் நின்றுவிடக் கூடாது என்பதற்காக விண்டோஸ் ஒரு ஏற்பாடு செய்கிறது. சாஃப்ட்வேர் எழுதுவதை வாங்கி, அந்த யூசருடைய ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் லோக்கல், அதற்குள் ‘வர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற மறைவான இடத்தில் போட்டு வைக்கிறது. சாஃப்ட்வேருக்கு இது தெரியாது, எல்லாம் சரியாக நடப்பதாகவே நினைக்கும்.

சிக்கல் எப்போது வருகிறது? ஒன்று, வேறு யூசரில் லாகின் செய்தால். அவருக்குத் தனி வர்ச்சுவல்ஸ்டோர். இன்னொன்று, ஏதோ ஒரு எர்ரருக்காக யாரோ ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்தால். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும்போது இந்த ஏற்பாடு வேலை செய்யாது. சாஃப்ட்வேர் உண்மையான ப்ரோகிராம் ஃபைல்ஸில் உள்ள பழைய டேட்டாவைத் திறக்கும். இத்தனை நாள் போட்ட பில்கள் மாயமானது போலத் தெரியும். அந்த நிலையில் புதிய பில் போட ஆரம்பித்தால் கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும், அப்புறம் சேர்ப்பது பெரிய வேலை.

ஆகவே பில் காணவில்லை என்றதும் எதையும் போடாதீர்கள். சாஃப்ட்வேரை மூடுங்கள். மறைந்த ஃபோல்டர்களைக் காட்டும்படி வைத்து வர்ச்சுவல்ஸ்டோரைத் திறந்து, அங்கேயும் ப்ரோகிராம் ஃபைல்ஸிலும் உள்ள டேட்டா ஃபைல்களின் தேதியையும் அளவையும் ஒப்பிடுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் காப்பி எடுத்த பிறகே புதியதை வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

இது வராமலே தடுக்கும் வழி எளிது. பழைய சாஃப்ட்வேரை ப்ரோகிராம் ஃபைல்ஸில் இன்ஸ்டால் செய்யவே செய்யாதீர்கள். இடத்தைக் கேட்கும்போது டி டிரைவில் ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். ‘70, பெர்மிஷன் டினைடு’, ‘75, பாத் ஃபைல் ஆக்ஸஸ்’ போன்ற எர்ரர்களும் இதனாலேயே பெரும்பாலும் போய்விடும்.

கம்பேட்டிபிலிட்டி மோட் எங்கே வருகிறது?

எல்லாரும் முதலில் போகும் இடத்தை நான் இவ்வளவு பின்னால் வைத்திருக்கிறேன். ப்ராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி டேபில் ‘விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3’ என்று வைத்தால், சாஃப்ட்வேர் கேட்கும்போது “நான் எக்ஸ்பி” என்று விண்டோஸ் பதில் சொல்லும், சில பழைய பழக்கங்களையும் பின்பற்றும். இல்லாத ஓசிஎக்ஸையோ டிரைவரையோ அது கொண்டுவராது, 16 பிட்டை ஓட்டவும் செய்யாது. பதிப்பைப் பார்த்துவிட்டு “இதில் ஓட மாட்டேன்” என்று மறுக்கும் சாஃப்ட்வேருக்கு இது கைகொடுக்கும். திரையில் பட்டன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், எழுத்து மங்கலாகவோ மிகச் சின்னதாகவோ இருந்தால், அதே டேபில் ஹை டிபிஐ பகுதியில் ‘சிஸ்டம்’ என்று மாற்றிப் பாருங்கள்.

எடைமேடை: சீரியல் போர்ட் பிரச்சினை

நெல் லாரி நிற்கும்போது எடை வரவில்லை என்றால் வரிசை ரோட்டுக்கு வந்துவிடும். அதனால் இதைச் சீசனுக்கு முன்பே செய்துவைப்பது நல்லது.

எடைமேடையின் இண்டிகேட்டர், ஆர்எஸ்232 என்ற ஒன்பது ஊசி சீரியல் கேபிள் வழியாக எடையை அனுப்புகிறது. புதிய கம்ப்யூட்டர்களில் அந்தப் போர்ட் இருப்பதில்லை. மதர்போர்டில் இடம் இருந்தால் சீரியல் போர்ட் கார்டு போடுவது நிலையான தீர்வு. பெரும்பாலும் வாங்குவது யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர். அதில் செய்ய வேண்டியவை:

1. கன்வெர்ட்டரை மாட்டி டிவைஸ் மேனேஜரில் ‘போர்ட்ஸ்’ பகுதியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணமும், பிஎல்2303 சிப் 2012-லிருந்து நிறுத்தப்பட்டது என்ற வாசகமும் வந்தால் உள்ளே இருப்பது பழைய சிப் அல்லது அதன் போலி. புதிய டிரைவர் அதை ஏற்காது. டிரைவரோடு மல்லுக்கட்டாமல் எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வெர்ட்டர் வாங்கிவிடுங்கள்.

2. காம் எண்ணைப் பாருங்கள். காம்7, காம்9 என்று இருக்கும். பழைய சாஃப்ட்வேர்கள் பல காம்1 முதல் காம்4 வரைதான் பார்க்கும். அந்தப் போர்ட்டின் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் எண்ணை மாற்றலாம். மாற்றிய பிறகு கன்வெர்ட்டரை எப்போதும் அதே யுஎஸ்பி ஓட்டையில் செருகுங்கள். இடம் மாறினால் எண்ணும் மாறக்கூடும்.

3. சாஃப்ட்வேரைத் திறக்கும் முன் ‘புட்டி’ போன்ற இலவசக் கருவியில் அந்தக் காம் போர்ட்டைத் திறந்து, எடை வருகிறதா என்று பாருங்கள். இண்டிகேட்டரில் உள்ள பாட் ரேட் (அனுப்பும் வேகம்), பேரிட்டி (பிழை சரிபார்க்கும் முறை) இரண்டும் இங்கேயும் ஒன்றாக இருக்க வேண்டும். குப்பையாக எழுத்து வந்தால் அவை பொருந்தவில்லை. எதுவுமே வரவில்லை என்றால் கேபிள்: 2, 3 ஊசிகள் நேராக வருகின்றனவா, குறுக்காக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

4. காலையில் ஓடி, கொஞ்ச நேரம் லாரி வராமல் இருந்த பிறகு எடை நின்றுவிடுகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் டேபில் ‘மின்சாரம் சேமிக்க அணைக்கலாம்’ என்ற டிக்கை எடுங்கள்.

புட்டியில் எடை வந்துவிட்டால் ஹார்ட்வேரில் குறையில்லை. அதற்கு மேல் எல்லாமே சாஃப்ட்வேரின் செட்டிங்தான். டாஸில் எழுதிய எடைமேடைப் புரோகிராமுக்கும் வழி இருக்கிறது: டாஸ்பாக்ஸின் கான்ஃபிக் ஃபைலில் உண்மையான காம் போர்ட்டை உள்ளே இணைக்கும் வசதி உண்டு.

டாங்கிள் உள்ள சாஃப்ட்வேருக்கு அதன் புதிய டிரைவர் வேண்டும். சிடியில் வந்த பழைய டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. சென்டினல், ஹாஸ்ப் வகை யுஎஸ்பி டாங்கிள்களுக்குப் புதிய டிரைவர்கள் கிடைக்கின்றன. ‘கோர் ஐசொலேஷன்’ பகுதியில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி பழைய டிரைவரைத் தடுக்கலாம். அதை ஆஃப் செய்தால் மொத்தக் கம்ப்யூட்டரின் பாதுகாப்பும் குறையும், ஆகவே பேங்க் வேலை பார்க்கும் மெஷினில் அதைச் செய்யாதீர்கள்.

அச்சகம், ஜாதகம்: எழுத்துப் பிரச்சினை

பழைய தமிழ் ஃபாண்ட்கள் யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. அந்த ஃபாண்ட் இல்லாத மெஷினில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது. வந்திருப்பதைப் பார்த்தே வகையைச் சொல்லலாம்: அரைப்புள்ளி நிறைய வந்தால் பாமினி வகை. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் டிஸ்கி, டாப் போன்றவை.

பழைய மெஷினின் ஃபாண்ட்களைக் கொண்டுவந்து போட்டும் தெரியவில்லையா? விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து ஃபாண்டை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் அது அந்த ஒரு யூசருக்கு மட்டும் போகிறது. பழைய சாஃப்ட்வேர்கள் பல அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. ரைட் கிளிக் செய்து ‘எல்லா யூசர்களுக்கும் இன்ஸ்டால்’ என்பதைக் கொடுங்கள். அப்புறமும் கட்டம் கட்டமாக வந்தால் ரீஜன் செட்டிங்கில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டேபில் யுடிஎஃப்-8 என்ற பீட்டா டிக் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அச்சகங்கள் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரின் 7.0 வந்தது 2001-இல், அதற்கு மேல் பதிப்பே இல்லை. அதைப் புதிய விண்டோஸோடு இழுத்துக்கட்டி ஓட்டுவதைவிட ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர், கடைசிப் படியில் வருகிறது) வைத்துக்கொள்வது நிம்மதி. பழைய டிசைன்களைப் புதியதாக மாற்ற வேண்டும் என்றால் இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும். எழுத்தை யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் இருக்கிறது. மாற்றிய பிறகு பெயர்களையும் ஊர்களையும் ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும்.

கடைசிப் படி: கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டர்

மேலே எதுவும் பலிக்கவில்லை என்றால் வர்ச்சுவல்பாக்ஸ் என்ற கருவியைப் போட்டு, அதற்குள் எக்ஸ்பியையோ விண்டோஸ் 7-ஐயோ ஓட்டலாம். மெஷினின் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் செய்திருக்க வேண்டும். எக்ஸ்பிக்கு 1 ஜிபி ரேம் ஒதுக்கினால் தாராளம். முதல் படியில் எடுத்த விஎச்டி ஃபைல் இருந்தால் அதையே உள்ளே மாட்டலாம். பழைய மெஷின் அதன் ஐகான்களோடு அப்படியே எழுந்து நிற்கும். லைசன்ஸை மட்டும் கவனியுங்கள்: பிராண்டட் கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் அந்த மெஷினோடு கட்டுப்பட்டது.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் அப்டேட் நின்றுவிட்டது. ஆகவே விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க்கைத் துண்டித்துவிடுங்கள். ஃபைல்களைக் கொண்டுபோக ஷேர்டு ஃபோல்டர் போதும். பழைய எக்ஸ்பி மெஷினைப் புதியதோடு லேனில் இணைக்க எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையை ஆன் செய்யச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது அந்த வழியாகத்தான்.

ஓட்டிவிட்ட பிறகு டேட்டாவை வெளியே எடுத்து வைப்பதையும் செய்துவிடுங்கள். டிபிஎஃப் ஃபைலை லிப்ரேஆபீஸ் கால்க் நேராகத் திறக்கும். அங்கிருந்து எக்ஸலாகச் சேமிக்கலாம். ஆக்ஸஸ் 97-இல் செய்த எம்டிபி ஃபைலை ஆக்ஸஸ் 2013-உம் அதற்குப் பிந்தியவையும் திறக்காது. 2003 அல்லது 2010-இல் திறந்து மாற்றிக்கொள்ள வேண்டும். வேறு வடிவம் என்றால் சாஃப்ட்வேருக்குள்ளேயே ரிப்போர்ட் எடுத்து, பிரிண்டருக்குப் பதில் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். பாக்கிப் பட்டியல், ஸ்டாக், வருஷவாரி லெட்ஜர் மூன்றும் முதலில். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த பாக்கிப் பட்டியலின் மொத்தத் தொகையை பழைய மெஷினின் திரையில் வரும் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பைசாவரை ஒன்றாக இருந்தால் பழைய மெஷினை மேசையிலிருந்து இறக்கலாம்.